இளைத்துப் போனதற்கு எதற்குக் கைதட்டுகிறீர்கள்?



கொஞ்சம் நீளமான பதிவு. அவசரத்தில் இருப்பவர்கள் ராத்திரி சாப்பிட்டு முடித்து நிதானமாகப் படியுங்கள். படிக்காமலே கைகூப்பும் படத்தை மட்டும் போட்டுவிட்டு நழுவ வேண்டாம். 34 வருடம் வீட்டுப்பாட நோட்டு திருத்தியவளுக்கு, யார் படித்தது, யார் பக்கத்து நோட்டைப் பார்த்து எழுதியது என்று தெரியாதா?

போன வாரம் நம் பழைய மாணவர் வாட்ஸப் குழுவில் ஒரு தம்பி இரண்டு படம் போட்டிருந்தான். இடது பக்கம் தொப்பையோடு, வலது பக்கம் சட்டை தொளதொளவென்று. கீழே "45 நாளில் 12 கிலோ" என்று பெருமையாக ஒரு வரி. நூற்றுக்கு மேல் கைதட்டல். "எந்த சென்டர்டா?", "நம்பர் அனுப்பு மாப்ள", "என் வீட்டுக்காரிக்கும் வேணும்" என்று வரிசை கட்டி நின்றார்கள். 12 கிலோ குறைந்தது சரி, குறைந்தது எது என்று ஒருவர்கூடக் கேட்கவில்லை. அந்தத் தம்பியிடம் பேசி, அவன் அனுமதியோடுதான் இதை எழுதுகிறேன். என் கோபம் அவன் மேல் இல்லை. கைதட்டிய உங்கள் மேலும், அவனிடம் காசு வாங்கியவர்கள் மேலும்தான்.

ரேஷன் கடையில் வாங்கிய மூட்டை வீட்டுக்கு வந்ததும் எடை குறைந்திருந்தால், குறைந்தது அரிசியா, கல்லா, ஈரமா என்று பார்ப்பீர்கள். சொந்த உடம்புக்கு மட்டும் அந்தக் கேள்வி கிடையாதா? உடம்பில் கொழுப்பு இருக்கிறது, தசை இருக்கிறது, எலும்பு இருக்கிறது, தண்ணீர் இருக்கிறது. எடை மிஷினுக்கு இதெல்லாம் ஒன்றுதான். உங்களுக்கும் ஒன்றாக இருக்கலாமா?

நான் சொல்ல வந்தது இவ்வளவுதான். குறைய வேண்டியது கொழுப்பு. குறையவே விடக்கூடாதது தசை. நம்மில் பெரும்பாலானவர்களுக்கு ஒன்றைக் குறைத்துக்கொண்டே மற்றதை வளர்க்கவும் முடியும். ஆனால் அது பட்டினியால் நடக்காது. பட்டினி விற்பவர்கள் உங்கள் தசையைத்தான் விலைபேசுகிறார்கள்.

"டீச்சருக்கு எதுக்கு டாக்டர் வேலை?" என்று கேட்பவர்களுக்கு: இதில் பாதி ஏழாம் வகுப்புக் கணக்கு. மீதியை, பிசியோதெரபிஸ்டாக இருக்கும் என் மருமகளிடம் ஒவ்வொன்றாகக் கேட்டுச் சரிபார்த்திருக்கிறேன்.

முதலில் கரும்பலகைக்கு வாருங்கள்.

உடம்பில் சேர்ந்த கொழுப்பு ஒரு கிலோ கரைய வேண்டுமானால், சாப்பிடுவதைவிடச் சுமார் 7,700 கலோரி கூடுதலாகச் செலவழிய வேண்டும். 12 கிலோவும் கொழுப்புதான் என்றால் 12 பெருக்கல் 7,700. வருவது 92,400. அதை 45-ஆல் வகுத்தால் ஒரு நாளைக்கு ஏறக்குறைய 2,050 கலோரி பற்றாக்குறை.

ஹைதராபாத்தில் இருக்கும் தேசிய ஊட்டச்சத்து நிறுவனத்தின் 2020-ஆம் வருட அட்டவணைப்படி, உட்கார்ந்து வேலை பார்க்கும் 65 கிலோ ஆணுக்கு நாள் முழுக்கத் தேவைப்படுவதே 2,110 கலோரிதான். நம் தம்பி கனமான உடம்புக்காரன். தாராளமாக 2,500 என்றே வைத்துக்கொள்வோம். அப்படியானால் 45 நாளும் அவன் சாப்பிட்டது தினம் 450 கலோரிக்குள் இருந்திருக்க வேண்டும். காலை, மதியம், ராத்திரி எல்லாம் சேர்த்து ஆறு இட்லி. அதுவும் சட்னி இல்லாமல். அவனிடம் கேட்டேன். "அய்யோ, அதைவிட நிறையவே சாப்பிட்டேன் டீச்சர். காலையிலும் ராத்திரியிலும் ஷேக், மதியம் சூப்பும் காய்கறியும்" என்றான். சரி, கணக்கு எங்கே இடிக்கிறது? 12 கிலோவும் கொழுப்பு என்று நினைத்த இடத்தில்தான் இடிக்கிறது.

சோற்றையும் இட்லியையும் திடீரென்று நிறுத்தினால், தசையிலும் கல்லீரலிலும் சேமித்து வைத்திருக்கும் கிளைகோஜன் தீர்ந்துபோகும். ஒவ்வொரு கிராம் கிளைகோஜனும் தன்னோடு சுமார் மூன்று கிராம் தண்ணீரைப் பிடித்து வைத்திருக்கிறது. முதல் வாரத்தில் மிஷின் சட்டென்று இரண்டு கிலோ இறங்கிக் காட்டுவது பெரும்பாலும் இந்தத் தண்ணீர்தான். அதற்குப் பிறகும் பட்டினி தொடர்ந்தால், உடம்பு கொழுப்பை எடுப்பதோடு தசையையும் உடைத்து எரிக்கும். இங்கேதான் ஒரு சூட்சுமம் இருக்கிறது. தசையில் முக்கால் பங்கு தண்ணீர். ஆகவே ஒரு கிலோ கொழுப்பு கரைவதற்குத் தேவைப்படும் பற்றாக்குறையில் சிறு பங்கு இருந்தாலே ஒரு கிலோ தசை போய்விடும். அதாவது, தசை கரையக் கரைய மிஷின் வேகமாக இறங்கும். அந்த வேகத்தைக் காட்டித்தான் பேக்கேஜ் விற்கிறார்கள்!

பிறகு பழைய சாப்பாட்டுக்குத் திரும்பினால் எடையும் திரும்புகிறது. வருவது பெரும்பாலும் கொழுப்பு. தசை தானாக வராது, அதை உழைத்துத்தான் கட்ட வேண்டும். இரண்டு வருடத்தில் மிஷின் பழைய எண்ணையே காட்டலாம். உள்ளே இருப்பது பழைய உடம்பு இல்லை. தங்கத்தை விற்றுத் தகரம் வாங்கிய கதை.

"தசை எதற்கு டீச்சர்? நான் என்ன ஆணழகன் போட்டிக்கா போகப் போகிறேன்?" என்று கேட்பீர்கள். தசை அழகுக்கு மட்டும் இல்லை. சாப்பிட்ட பிறகு ரத்தத்தில் ஏறும் சர்க்கரையில் பெரும் பகுதியை வாங்கி வைத்துக்கொள்ளும் கிடங்கு அதுதான். கிடங்கு சின்னதாகிவிட்டால் சரக்கு தெருவில்தானே கிடக்கும்? இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகமும் சென்னை நீரிழிவு ஆராய்ச்சி நிறுவனமும் சேர்ந்து நாடு முழுவதும் எடுத்த கணக்கெடுப்பு 2023-ல் வெளிவந்தது. நாட்டில் பத்துக் கோடிக்கு மேற்பட்டவர்களுக்கு சர்க்கரை நோய். அதன் வாசலில் நிற்பவர்கள் இன்னொரு 13 கோடிக்கு மேல். நம் குழுவிலேயே எத்தனை பேர் மாத்திரை போடுகிறீர்கள் என்று எனக்குத் தெரியும்.

"நான் ஒல்லிதானே, எனக்கு என்ன?" என்பவர்களுக்கு ஒரு உண்மைச் சம்பவம். புனேயைச் சேர்ந்த மருத்துவர் சித்தரஞ்சன் யாஜ்னிக், லண்டன் மருத்துவர் ஜான் யுட்கின் இருவரும் தங்கள் படத்தைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்து 2004-ல் லான்செட் மருத்துவ இதழில் வெளியிட்டார்கள். உயரத்துக்கும் எடைக்கும் போடும் பி.எம்.ஐ. கணக்கு இருவருக்கும் ஒன்றே: 22.3. உடம்பில் இருந்த கொழுப்பு? யுட்கினுக்கு 9.1 சதவீதம், யாஜ்னிக்குக்கு 21.2 சதவீதம். ஒரே எண், இரண்டு விதமான உடம்பு. நம் நாட்டு உடம்பின் வாகு இது. கை கால் குச்சியாக இருக்கும், வயிறு மட்டும் முன்னால் வரும். இப்படிப்பட்டவர்களிடம் போய் எடையைக் குறை என்றால் எதைக் குறைப்பது? இருக்கிற கொஞ்சம் தசையையுமா?

இது எங்கள் வீட்டிலேயே நடந்தது. என் பெரியக்காவுக்கு 72 வயது, சர்க்கரை உண்டு. "சோற்றைக் குறை, வாயைக் கட்டு" என்று நாலு பேர் நாலு விதமாகச் சொன்னதில் காலையில் கஞ்சி, மதியம் ஒரு கை சோறும் ரசமும், ராத்திரி இரண்டு இட்லி என்று ஆக்கிக்கொண்டாள். ஒரு வருடத்தில் 11 கிலோ போனது. போகிற கல்யாண வீட்டிலெல்லாம் "மதினி, இளைச்சு லெட்சணமா இருக்கீக" என்று பாராட்டு. அந்தச் சமயத்தில்தான் அவளுக்குத் தரையில் உட்கார்ந்தால் எழ முடியாமல் ஆனது. வயசானால் அப்படித்தான் என்று எல்லாரும் சொன்னார்கள். ஒரு நாள் விடியற்காலை குளியலறையில் கால் இடறியது. இளவயதுக்காரன் இடறினால் தொடையை ஊன்றிச் சமாளித்துக்கொள்வான். அவளுக்கு ஊன்றத் தொடையில் சதை இல்லை. இடுப்பெலும்பு முறிந்து அறுவை சிகிச்சை, மூன்று மாதம் படுக்கை. லெட்சணம் என்று சொன்ன யாரும் அந்த மூன்று மாதத்தில் பெட்பான் எடுக்க வரவில்லை.

இப்போது நீங்கள் எழுப்பப் போகும் ஆட்சேபணைகளுக்கு வருகிறேன்.

"நான் தினமும் வாக்கிங் போகிறேன் டீச்சர்."

நல்லது. விட்டுவிடாதீர்கள். இதயத்துக்கும் சர்க்கரைக்கும் மனசுக்கும் நல்லது. ஆனால் நடை மட்டும் தசையைக் கட்டாது. உலக சுகாதார நிறுவனத்தின் 2020 வழிகாட்டுதலில் இரண்டு வரி இருக்கிறது. வாரத்துக்கு 150 முதல் 300 நிமிடம் மிதமான உடற்பயிற்சி என்பது முதல் வரி. அதை எல்லாரும் மனப்பாடமாகச் சொல்கிறீர்கள். வாரத்தில் இரண்டு நாளாவது எல்லாப் பெரிய தசைகளுக்கும் வலுவூட்டும் பயிற்சி என்பது இரண்டாவது வரி. அதை மட்டும் பரீட்சைக்கு வராத பாடம் மாதிரி விட்டுவிட்டீர்கள். பத்து வருடமாக அதே மைதானத்தில் அதே 40 நிமிடம் நடப்பவர், பத்து வருடமாக இரண்டாம் வாய்ப்பாட்டையே ஒப்பிப்பவர். மூன்றாம் வாய்ப்பாடு எப்போது?

"பொம்பளைப் பிள்ளைக்கு வெயிட் தூக்குற வேலை எதுக்கு? கையெல்லாம் ஆம்பளை மாதிரி ஆகிவிடும்."

இதைச் சொல்லும் அத்தைமார்களே, உங்கள் அம்மா இடுப்பில் ஒரு குடம், தலையில் ஒரு குடம் சுமந்து கிணற்றிலிருந்து வந்தவர். ஆட்டுக்கல்லில் மாவாட்டியவர், உரலில் கம்பு இடித்தவர். அவருக்குக் கை ஆம்பளை மாதிரியா ஆனது? தசையைப் பெரிதாக்கும் ஹார்மோன் பெண்களுக்கு ஆண்களில் இருப்பதில் மிகச் சிறு பங்குதான். நாலு நாள் டம்பெல் பிடித்தால் பயில்வான் ஆகிவிடலாம் என்றால் ஜிம்முக்குப் போகும் பையன்கள் எல்லாம் இதற்குள் பயில்வான் ஆகியிருப்பார்கள். மாதவிடாய் நின்ற பிறகு எலும்பும் தசையும் சேர்ந்தே தேயும். ஆகவே ஆணைவிடப் பெண்ணுக்குத்தான் இது அவசரம். அந்தக் காலத்துப் பெண்கள் எல்லாரும் ஆரோக்கியமாக இருந்தார்கள் என்று நான் சொல்ல வரவில்லை. எல்லாரும் சாப்பிட்ட பிறகு மிச்சத்தைச் சாப்பிட்டுச் சோகை பிடித்து நின்றவர்கள் அவர்கள். உழைப்பு இருந்தது, சத்து இல்லை. இன்று உழைப்பை மிக்ஸியும் கிரைண்டரும் வாங்கிக்கொண்டன. சத்து மட்டும் இன்னும் தட்டுக்கு வந்து சேரவில்லை.

கல்யாணம் நிச்சயமான பெண்ணிடம் "கொஞ்சம் இளைச்சிரு, போட்டோவில நல்லா விழும்" என்று சொல்லும் வழக்கத்தை நம் குடும்பத்தில் இன்றோடு நிறுத்துங்கள். மூன்று மாதம் பட்டினி கிடந்து முடி கொட்டி, தலை சுற்றி மணவறையில் உட்கார்ந்த பிள்ளைகளை நான் பார்த்திருக்கிறேன்.

"வயசாயிருச்சு, இனிமேல் என்ன?"

அமெரிக்காவில் பாஸ்டன் நகரத்து முதியோர் இல்லத்தில் சராசரி 90 வயதுள்ள பத்துப் பேருக்கு எட்டு வாரம் கால் தசைக்கு எடைப் பயிற்சி கொடுத்தார்கள். 1990-ல் அமெரிக்க மருத்துவச் சங்க இதழில் முடிவு வந்தது. முடித்தவர்கள் ஒன்பது பேர். அவர்களின் கால் பலம் சராசரியாக 174 சதவீதம் கூடியது. அதாவது ஏறக்குறைய இரண்டே முக்கால் மடங்கு. தொண்ணூறு வயதில் முடிந்தது, ரிட்டயர் ஆன மறு மாதமே ஈசிச்சேர் வாங்கிய உங்களுக்கு முடியாதா? என் அக்காவும் அறுவை சிகிச்சைக்குப் பிறகு தினம் நாற்காலியில் உட்கார்ந்து எழுந்து, இப்போது கையை ஊன்றாமல் பன்னிரண்டு முறை எழுகிறாள்.

"ஜிம்முக்குப் போறேன் டீச்சர், பவுடர் குடிக்கிறேன், உடம்பு ஏறுது."

இது தம்பிமார்களுக்கு. ஏறுவது எது? தினம் மூன்று பரோட்டாவும் ஒரு டப்பா பவுடரும் சேர்த்து, தசை வளர்கிறது என்று நினைத்துக்கொண்டு தொப்பையை வளர்க்கிறாய். மேலே டி-சர்ட் இறுகுகிறது, கீழே பேண்ட் பட்டனும் இறுகுகிறது. மேலே இறுகுவதை மட்டும் கணக்கில் சேர்க்கிறாய். பட்டினி கிடப்பவன் ஒரு கோடியில் ஏமாந்தால் நீ மறு கோடியில் ஏமாறுகிறாய். இருவருமே மிஷினைத்தான் நம்புகிறீர்கள்.

சரி, இரண்டையும் ஒன்றாகச் செய்ய முடியும் என்பதற்கு ஆதாரம்? கனடாவின் மெக்மாஸ்டர் பல்கலைக்கழகத்தில் எடை அதிகமுள்ள 40 இளைஞர்களை வைத்துச் செய்த ஆய்வு 2016-ல் வெளிவந்தது. நாலு வாரம், எல்லாருக்கும் சாப்பாட்டில் 40 சதவீதக் கலோரி குறைப்பு, எல்லாருக்கும் ஒரே மாதிரி கடினமான பயிற்சி. ஒரு பாதிப் பேருக்கு உடல் எடையில் கிலோவுக்கு 1.2 கிராம் புரதம். மறு பாதிக்கு 2.4 கிராம். முதல் அணி 3.5 கிலோ கொழுப்பைக் குறைத்தது, தசை அப்படியே இருந்தது. இரண்டாம் அணி 4.8 கிலோ கொழுப்பைக் குறைத்து, சுமார் 1.2 கிலோ கொழுப்பில்லாத எடையைக் கூட்டியது. அவ்வளவு கடுமையான குறைப்பை நான் உங்களுக்குச் சொல்லவில்லை. அது இளைஞர்களுக்கு, கண்காணிப்பில் நடந்தது. கவனிக்க வேண்டியது இதுதான்: குறைவாகச் சாப்பிடும் நாளில்தான் புரதமும் பளுவும் அதிகம் தேவை. நம் ஊர் பேக்கேஜ்களில் பெரும்பாலும் முதலில் வெட்டப்படுவது இந்த இரண்டும்தான்.

புதிதாகப் பயிற்சி தொடங்குபவர், விட்டுப்போய்த் திரும்ப வருபவர், தொப்பை உள்ளவர் ஆகியோருக்கு இரண்டும் ஒன்றாக நடக்கும். நம் குழுவில் தொண்ணூறு பேர் இதில் அடக்கம். வருடக்கணக்காகப் பயிற்சி செய்து ஏற்கெனவே இறுகிய உடம்போடு இருக்கும் நாலைந்து பேர் மட்டும் கொஞ்ச காலம் இது, கொஞ்ச காலம் அது என்று பிரித்துக்கொள்ள வேண்டும்.

இனி தட்டுக்கு வருவோம்.

நாட்டு மக்களின் சாப்பாட்டைப் பற்றி அதே ஆராய்ச்சிக் கழகத்தின் கணக்கெடுப்பில் 2025-ல் வந்த தகவல்: நாம் உண்ணும் கலோரியில் சுமார் 62 சதவீதம் மாவுச்சத்து. நம் வீட்டுத் தட்டை நானே கூட்டிப் பார்த்தேன். காலை நாலு இட்லி, சாம்பார்: 11 கிராம் புரதம். மதியம் சோறு, சாம்பார், ரசம், பொரியல், ஒரு கரண்டி மோர்: 15. சாயங்காலம் டீ, இரண்டு பிஸ்கட்: 3. ராத்திரி மூன்று தோசை, சட்னி: 11. மொத்தம் 40. வயிறு நிறைந்துவிட்டது, 40-ஐத் தாண்டவில்லை. 60 கிலோ உள்ள ஒரு பெண்ணுக்கு தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் சொல்லும் அளவே சுமார் 50. எடையையும் குறைத்துக்கொண்டு பயிற்சியும் செய்பவருக்குக் கிலோவுக்கு 1.2 முதல் 1.6 கிராம், அதாவது 72 முதல் 96 கிராம் வேண்டும். 40 எங்கே, 72 எங்கே?

இதைச் சரிசெய்ய டப்பா வேண்டாம். காலையில் இரண்டு இட்லியை எடுத்துவிட்டு இரண்டு முட்டை, 12 கிராம். மதியம் சோற்றில் ஒரு கரண்டியைக் குறைத்து, தண்ணீர் சாம்பாருக்குப் பதில் கெட்டிப் பருப்பு. மோருக்குப் பதில் ஒரு கிண்ணம் தயிர். சாயங்காலம் பிஸ்கட்டைத் தூக்கிப் போட்டுவிட்டு ஒரு கிண்ணம் கொண்டைக்கடலை அல்லது பாசிப்பயறு சுண்டல், 12 கிராம். ராத்திரி ஒரு தோசையைக் குறைத்து 100 கிராம் சாளையோ கோழியோ, சுமார் 20 கிராம். சைவக்காரர்களுக்கு முட்டைக்கும் மீனுக்கும் பதில் பாலும் பனீரும் மீல்மேக்கரும். மீல்மேக்கரில் பாதி எடை புரதம். 30 கிராம் ஊறவைத்தால் 15 கிராம் வந்துவிடும். கூட்டிப் பாருங்கள், 80-ஐத் தாண்டும். கலோரியோ குறைந்திருக்கும், ஏனென்றால் போனது மாவும் எண்ணெயும்.

ஒரு எச்சரிக்கை. கடலையில் புரதம் இருக்கிறது, ஆனால் 100 கிராமில் 560 கலோரிக்கு மேல் இருக்கிறது. ஒரு கைப்பிடியோடு நிறுத்துங்கள். நம் கோவில்பட்டிக் கடலைமிட்டாயைப் புரதக் கணக்கில் எழுதுபவர்களுக்கு மார்க் கிடையாது.

"பணக்காரச் சாப்பாடு" என்று சொல்லாதீர்கள். ஒரு முட்டை, நீங்கள் கடையில் நின்று குடிக்கும் ஒரு டீயைவிடக் குறைந்த விலை. சத்துணவில் முட்டை போடும் நாளில் என் வருகைப் பதிவேடு நிறைந்திருக்கும். அந்த வரிசையில் நின்று வளர்ந்தவர்கள்தான் இன்று வசதி வந்ததும் முட்டையை மறந்துவிட்டுக் காலையில் கார்ன்ஃப்ளேக்ஸ் கொட்டிக்கொள்கிறீர்கள். உளுந்தும் பாசிப்பயறும் விளைகிற கரிசல் பூமி நம்முடையது. மூட்டை மூட்டையாக வண்டி ஏற்றி அனுப்பிவிட்டு, வீட்டில் ரசமும் அப்பளமும்!

"புரதம் சாப்பிட்டால் கிட்னி போய்விடும்" என்ற பயம் உள்ளவர்களுக்கு: சிறுநீரகம் நன்றாக இருப்பவருக்கு நான் சொன்ன இந்த அளவு கெடுதல் செய்யாது. ஏற்கெனவே சிறுநீரகக் கோளாறு உள்ளவர்கள் மட்டும் மருத்துவரிடம் கேட்காமல் கூட்டக்கூடாது. சர்க்கரைக்கு இன்சுலினோ மாத்திரையோ எடுப்பவர்கள் சோற்றைக் குறைப்பதற்கு முன்பே மருத்துவரிடம் சொல்லுங்கள். இல்லாவிட்டால் சர்க்கரை தாழ்ந்து மயங்கி விழுவீர்கள். இப்போது எடை குறைக்க வாரம் ஒரு ஊசி வந்திருக்கிறது. மருத்துவர் சொல்லிப் போடுகிறவர்கள் போடுங்கள். ஆனால் பசியே இல்லாமல் போகும் அந்தக் காலத்தில் புரதமும் பயிற்சியும் இல்லையென்றால் தசையும் சேர்ந்துதான் போகும்.

அடுத்தது பயிற்சி. நம் ஊர்களில் இளவட்டக்கல் கிடந்தது, தண்டாலும் பஸ்கியும் இருந்தது. வெளிநாட்டுச் சரக்கு இல்லை இது. வாரத்தில் மூன்று நாள், 30 நிமிடம் போதும். நாற்காலியில் உட்கார்ந்து எழுவது, சுவரில் கை ஊன்றித் தண்டால், படி ஏறுவது, ரப்பர் பட்டையை இழுப்பது, தண்ணீர்க் குடத்தை முதுகை வளைக்காமல் முழங்காலை மடக்கித் தூக்குவது. ஒவ்வொன்றும் பத்துப் பன்னிரண்டு முறை, இரண்டு மூன்று சுற்று. கடைசி இரண்டு முறை கஷ்டமாக இருக்க வேண்டும். சுலபமாகிவிட்டால் பளுவைக் கூட்டுங்கள். சுவர்த் தண்டால் சுலபமானால் மேஜை, மேஜை சுலபமானால் தரை. கஷ்டம் கூடாமல் தசை வளராது. மூட்டுவலியோ, இதயக் கோளாறோ, கட்டுக்கடங்காத ரத்த அழுத்தமோ உள்ளவர்கள் கேட்டுவிட்டுத் தொடங்குங்கள்.

அப்புறம் தூக்கம். ராத்திரி ஒரு மணி வரை ரீல்ஸ் பார்ப்பவர்களுக்காகவே இதை எழுதுகிறேன். சிகாகோ பல்கலைக்கழகத்தில் பத்துப் பேருக்கு ஒரே அளவு குறைந்த சாப்பாடு கொடுத்து, இரண்டு வாரம் 8.5 மணி நேரமும் இரண்டு வாரம் 5.5 மணி நேரமும் படுக்கவைத்துப் பார்த்தார்கள். 2010-ல் வெளிவந்த ஆய்வு. எடை இரண்டு முறையும் ஏறக்குறைய ஒரே அளவுதான் குறைந்தது. ஆனால் நன்றாகத் தூங்கியபோது போன கொழுப்பு 1.4 கிலோ. தூக்கம் கெட்டபோது 0.6 கிலோ மட்டும், மீதி தசை முதலான மற்றவை. மிஷின் மட்டும் பார்த்திருந்தால் இந்த வித்தியாசம் யாருக்காவது தெரிந்திருக்குமா?

அதனால்தான் சொல்கிறேன், அந்த மிஷினைக் கட்டிலுக்கு அடியில் தள்ளுங்கள். மாதம் ஒரு முறை எடுத்துப் பார்த்தால் போதும். வாரத்துக்கு அரை கிலோவுக்குமேல் குறைய ஆசைப்பட வேண்டாம். அதற்குப் பதில் தையல்காரர் டேப் ஒன்று வாங்கி இரண்டு வாரத்துக்கு ஒரு முறை இடுப்பை அளவெடுங்கள். ஆண்களுக்கு 90 சென்டிமீட்டர், பெண்களுக்கு 80, நம் நாட்டவருக்குச் சொல்லப்படும் எல்லை இது. கையை ஊன்றாமல் 30 விநாடியில் நாற்காலியிலிருந்து எத்தனை முறை எழுகிறீர்கள் என்று எண்ணுங்கள். இடுப்பு குறைந்து, எழும் எண்ணிக்கை கூடினால் நீங்கள் பாஸ். எடை அப்படியே இருந்தாலும் பாஸ். எடை பத்துக் கிலோ குறைந்து, எழும் எண்ணிக்கையும் குறைந்தால் ஃபெயில். எத்தனை பேர் கைதட்டினாலும் ஃபெயில்.

வீட்டுப்பாடம் இதுதான். இன்று ராத்திரி இடுப்பளவையும் நாற்காலி எண்ணிக்கையையும் ஒரு தாளில் தேதியோடு எழுதி வையுங்கள். நாளைக்குச் சாப்பிடும் மூன்று வேளையிலும் புரதம் எங்கே இருக்கிறது என்று தட்டைப் பார்த்துக் கேளுங்கள். எட்டு வாரம் கழித்து அந்த இரண்டு எண்ணையும் குழுவில் போடுங்கள். படம் வேண்டாம். யாராவது "இளைச்சிட்டீங்களே" என்றால் "எந்திரிச்சுக் காட்டவா?" என்று கேளுங்கள்.

நம் தம்பியும் நேற்று டேப் வாங்கிவிட்டான். பேக்கேஜின் இரண்டாம் தவணையைக் கட்டவில்லையாம். அந்தக் காசுக்கு எத்தனை முட்டை வரும் என்று கணக்குப் போட்டு அனுப்பியிருக்கிறான். விடை சரி.

பகிர விரும்புகிறவர்கள் பகிருங்கள். என் பெயரை எடுத்துவிட்டாலும் பரவாயில்லை, எண்களை மாற்றிவிடாதீர்கள்.

அன்புடன்,
உங்கள் கணக்கு டீச்சர்